கேலக்ஸிகள் எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன? அளக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மிக அருகில் உள்ள ஓரிரு கேலக்ஸிகளை விட்டால், மற்றவை சுழல்வதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. சூரியன் பால்வெளியின் மையத்தை நொடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, அப்படியும் ஒரு சுற்று முடிய 20 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தொலைவில் உள்ள ஒரு கேலக்ஸியை நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்தாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

ஆகவே டாப்ளர் விளைவைத்தான், அதாவது ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தாலோ விலகினாலோ அதன் ஒளியின் அலைநீளம் மாறுவதைத்தான், நம்ப வேண்டும். சுற்றும் ராட்டினத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பக்கக் குதிரைகள் நம்மை நோக்கி வரும், மறுபக்கக் குதிரைகள் விலகிப் போகும். கேலக்ஸியிலும் அதேதான்: வரும் பக்கத்தின் நிறமாலைக் கோடு (ஒளியை நிறம் பிரித்தால் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் தெரியும் கோடு) நீலத்தை நோக்கியும், போகும் பக்கத்தின் கோடு சிவப்பை நோக்கியும் சற்று நகர்ந்திருக்கும். 1914இல் வெஸ்டோ ஸ்லைஃபர் ஸோம்ப்ரேரோ கேலக்ஸியின் நிறமாலையில் கோடுகள் சாய்ந்து கிடப்பதைக் கண்டார். அந்தச் சாய்வை எண்ணாக மாற்றுவதுதான் இன்றுவரை நடக்கும் வேலை.

ஒரு கேலக்ஸியை எடுத்து ஆற அமர அளப்பது ஒரு வகை. பல நூறு, பல ஆயிரம் கேலக்ஸிகளை அளந்து, ‘பெரியவை எவ்வளவு வேகம், சிறியவை எவ்வளவு வேகம், எந்த வேகத்தில் எத்தனை இருக்கின்றன’ என்று சொல்வது வேறு வகை. இரண்டாவதில் ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு துல்லியம் என்பதைவிட எல்லா எண்களும் ஒரே விதமாக அளக்கப்பட்டவையா என்பது முக்கியம். இந்தக் கட்டுரை அதற்கானது. கொஞ்சம் பைத்தானும் பள்ளிக் கணக்கு முக்கோணவியலும் தெரிந்தால் போதும்.

எந்த வேகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

‘கேலக்ஸியின் சுழல்வேகம்’ என்று ஒற்றை எண் கிடையாது. மையத்தில் வேகம் பூஜ்யத்தில் தொடங்கி, வெளியே போகப் போக ஏறி, பெரும்பாலான சுருள் கேலக்ஸிகளில் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் ஓடும். தூரத்துக்கு எதிராக வேகத்தை வரைந்தால் கிடைப்பது சுழற்சி வளைகோடு. வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் 1970இல் ஆண்ட்ரோமெடாவில் 67 வாயு மேகங்களை அளந்து இதை வரைந்தார்கள். 1978இல் ஆல்பர்ட் பாஸ்மா வானொலித் தொலைநோக்கியால் இன்னும் வெளியே போய்ப் பல கேலக்ஸிகளில் அளந்தார். வளைகோடு இறங்காததுதான் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள்) பற்றிய பேச்சுக்குப் பெரிய காரணங்களில் ஒன்று.

இதிலிருந்து எந்த எண்ணை எடுப்பது? வளைகோட்டின் உச்ச வேகம், சமதளப் பகுதியின் வேகம், ஒரு குறிப்பிட்ட ஆரத்தில் உள்ள வேகம், மொத்த நிறமாலைக் கோட்டின் அகலத்தில் பாதி என நான்கு வழக்கங்கள் உண்டு. நான்கும் ஒரே கேலக்ஸிக்கு நான்கு விடை தரும். என்னைக் கேட்டால், வளைகோடு கிடைக்கும் இடத்தில் சமதள வேகத்தை எடுங்கள். கிடைக்காவிட்டால் கோட்டின் அகலத்தை எடுங்கள். இரண்டையும் அட்டவணையின் ஒரே நெடுவரிசையில் கலந்து எழுதாதீர்கள், தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள்.

சமதளம் என்பதற்கும் ஒரு விதி வேண்டும். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது என்பது விதி ஆகாது. 175 கேலக்ஸிகள் கொண்ட ஸ்பார்க் அட்டவணையில் வெளிக் கடைசிப் புள்ளிகளிலிருந்து உள்நோக்கி வந்து, வேகம் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போகும் புள்ளிகளின் சராசரியை எடுத்திருக்கிறார்கள். குறைந்தது மூன்று புள்ளிகளாவது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத கேலக்ஸிக்குச் சமதள வேகமே தரப்படவில்லை. இந்தக் கண்டிப்பை நீங்களும் பின்பற்றலாம்.

தரவு

சொந்தமாகத் தொலைநோக்கி நேரம் தேவையில்லை. மூன்று வகைத் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கேலக்ஸி முழுவதையும் ஒரே நிறமாலையாகப் பதிவு செய்தது முதல் வகை. புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரிசிபோ வானொலித் தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டு ஹைட்ரஜன் வாயுவைத் தேடிச் செய்த ஆல்ஃபால்ஃபா ஆய்வின் அட்டவணையில் சுமார் 31,500 மூலங்கள் இருக்கின்றன. எண்ணிக்கைக்கு இதுதான் சிறந்த தொடக்கம். இரண்டாவது, ஒவ்வொரு கேலக்ஸியின் மீதும் கண்ணாடி நாரிழைக் கட்டு ஒன்றை வைத்து இடத்துக்கு இடம் நிறமாலை எடுத்தது. மங்கா ஆய்வில் இப்படிச் சுமார் 10,000 கேலக்ஸிகள் உண்டு, 2021 டிசம்பரில் முழுத் தரவும் வெளியானது. மூன்றாவது, வானொலித் தொலைநோக்கி வரிசைகள் எடுத்த நுணுக்கமான படங்கள். எண்ணிக்கை குறைவு, தரம் அதிகம். ஸ்பார்க் பெரும்பாலும் இவற்றிலிருந்து தொகுத்தது.

புதியவர்கள் பெரும்பாலும் மங்காவில் தொடங்க ஆசைப்படுவார்கள், வண்ணப் படங்கள் அழகாக இருப்பதால். நான் முதல் வகையைத்தான் சொல்வேன். ஒரு கேலக்ஸிக்கு ஒரு கோடு, அதில் ஒரு அகலம். தவறு எங்கே நுழைகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதல் பயிற்சி: 21 செ.மீ. கோட்டின் அகலம்

நடுநிலை ஹைட்ரஜன் வாயு 1420.406 மெகாஹெர்ட்ஸில் ஒரு கோட்டை வெளியிடுகிறது. அலைநீளம் 21 செ.மீ. இந்த வாயு விண்மீன்கள் தெரியும் எல்லையையும் தாண்டி வெகு தூரம் பரவியிருக்கும். அதனால்தான் சுழற்சிக்கு இது இவ்வளவு உகந்தது. இங்கே நொடிக்கு 1 கி.மீ. வேக வித்தியாசம் என்பது 4.74 கிலோஹெர்ட்ஸ் நகர்வு. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் நிறமாலையைப் பார்த்தவுடன் அகலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம்.

சாய்ந்த வட்டு கேலக்ஸியின் கோட்டுக்கு இரண்டு கொம்புகள் இருக்கும். சமதளப் பகுதியின் வாயு முழுவதும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுவதால், இரண்டு ஓரங்களிலும் ஒளி குவிகிறது. ஒவ்வொரு கொம்பின் உச்சத்திலும் பாதி உயரம் எங்கே வருகிறதோ அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் உள்ள வேக வித்தியாசம்தான் பாதி உயர அகலம். இதோடு செய்ய வேண்டியவை:

1. அதிர்வெண்ணை வேகமாக மாற்றுங்கள். இதற்கு இரண்டு வழக்கங்கள் உண்டு: மாறிய அளவை மூல அதிர்வெண்ணால் வகுப்பது வானொலி வழக்கம், பதிவான அதிர்வெண்ணால் வகுப்பது ஒளியியல் வழக்கம். வகுத்து வருவதை ஒளியின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஒளியியல் வழக்கத்தில் நொடிக்கு 10,000 கி.மீ. என்று வரும் கேலக்ஸி, வானொலி வழக்கத்தில் 9,677 கி.மீ. என்று வரும். இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது 300 கி.மீ. வித்தியாசம் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

2. ஒளியியல் வழக்கத்தில் அளந்த அகலத்தை, ஒன்றுடன் செம்பெயர்ச்சியை (கேலக்ஸி விலகுவதால் அலைநீளம் எத்தனை பங்கு நீண்டது என்ற எண்ணை) கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். செம்பெயர்ச்சி 0.03 என்றால் 300 கி.மீ. அகலம் 291 ஆகிவிடும்.

3. கருவி சேர்த்த அகலத்தையும் வாயுவின் கொந்தளிப்பு சேர்த்த அகலத்தையும் கழியுங்கள். ஆல்ஃபால்ஃபா அட்டவணையில் கருவியின் பங்கு ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. மற்ற இரண்டும், அதாவது கொந்தளிப்பும் செம்பெயர்ச்சியும், உங்கள் பொறுப்பு. ஏற்கெனவே கழித்ததை மறுபடி கழிப்பது நடக்கக்கூடியதே, அட்டவணையின் விளக்கக் குறிப்பைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

4. பாதியாக்குங்கள். அப்புறம் சாய்வுக் கோணத்தின் (வட்டை நேர் மேலிருந்து பார்த்தால் 0 பாகை, ஓரத்திலிருந்து பார்த்தால் 90) சைன் மதிப்பால் வகுங்கள்.

அகலம் 300, சாய்வு 60 பாகை என்றால்: 150ஐ 0.866ஆல் வகுத்தால் 173. நொடிக்கு 173 கி.மீ. அவ்வளவுதான், ஒரு கேலக்ஸி முடிந்தது.

இதில் தூரம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? வேகத்துக்குத் தூரம் வேண்டாம். 1977இல் ப்ரென்ட் டுல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும் இந்த அகலத்துக்கும் கேலக்ஸியின் ஒளிர்வுக்கும் உள்ள உறவை வைத்துத் தூரத்தையே கணித்தார்கள்.

சாய்வுக் கோணம்: பெரும் பிழை பிறக்கும் இடம்

நாம் அளப்பது நம்மை நோக்கிய திசையில் உள்ள வேகப் பங்கை மட்டும். வட்டை நேர் மேலிருந்து பார்த்தால் அது எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் நமக்குப் பூஜ்யம். அதனால் சாய்வு தெரியாமல் எதுவும் நகராது. அந்தச் சாய்வோ வேக அளவீட்டிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் படத்திலிருந்து வருகிறது.

வழக்கமான முறை இது. படத்தில் கேலக்ஸியின் சிறிய அச்சை நீண்ட அச்சால் வகுங்கள். வட்டு காகிதம் போல மெலிதாக இருந்தால் அந்த விகிதமே கோணத்தின் கொசைன். உண்மையில் வட்டுக்குத் தடிமன் உண்டு. ஓரப்பார்வையில் விகிதம் சுமார் 0.2க்குக் கீழே போகாது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகவே விகிதத்தின் வர்க்கத்திலிருந்து 0.04ஐக் கழித்து, 0.96ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் கொசைன் கிடைக்கும். விகிதம் 0.6 என்றால் கோணம் 54.7 பாகை. தடிமனைக் கண்டுகொள்ளாவிட்டால் 53.1, பெரிய வித்தியாசமில்லை. விகிதம் 0.3 ஆனால் 76.8க்குப் பதில் 72.5 வரும், அங்கேயும் சைன் மதிப்பு 2 சதவீதம்தான் மாறுகிறது. எனவே தடிமன் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது எதிர்ப்பக்கத்தில். அரை அகலம் 60 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாய்வு 70 பாகை, பிழை 5 பாகை என்றால் விடை 62க்கும் 66க்கும் இடையில். சாய்வு 20 பாகை, அதே 5 பாகை பிழை என்றால் விடை 142க்கும் 232க்கும் இடையில்! இந்த இரண்டாவது எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மையத்தில் பட்டை உள்ள கேலக்ஸிகளும், சுருள் கரங்கள் அகல விரிந்தவையும் வட்டமாக இருந்தும் நீண்டு தெரியும். வெளி வட்டு வளைந்திருந்தால் உள் சாய்வும் வெளிச் சாய்வும் வேறு வேறு. அதனால் 30 அல்லது 45 பாகைக்குக் கீழே உள்ளவற்றை ஒதுக்கிவிடுங்கள். எவ்வளவு இழப்போம்? வட்டுகள் எல்லாத் திசைகளிலும் சமமாகச் சாய்ந்திருந்தால், 30 பாகைக்குக் கீழே இருப்பவை 13 சதவீதம், 45 பாகைக்குக் கீழே 29 சதவீதம். ஒரு கேலக்ஸி நம் பக்கம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதற்கும் அது எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை, ஆகவே இந்த ஒதுக்கல் முடிவைத் திரிக்காது. ஒரே ஒரு விலக்கு: தடித்த குள்ளக் கேலக்ஸிகள் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் உருண்டையாகவே தெரியும். சாய்வைக் காரணம் காட்டி அவற்றை அதிகமாகவே வெளியேற்றிவிடுவோம்.

மறுமுனையில், 80 பாகைக்கு மேல் ஒளியியல் தரவில் தூசி உள்பகுதியை மறைக்கும். 21 செ.மீ. கோட்டுக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை.

வேகப் படத்திலிருந்து வளைகோடு

மங்கா போன்ற தரவில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வேகம் இருக்கும். ஹெச்-ஆல்ஃபா கோட்டின் (சூடான ஹைட்ரஜன் வாயு வெளியிடும் சிவப்புக் கோட்டின்) வேகப் படத்தைத் திறந்தால் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் சிவப்பு. தரவோடு வரும் மறைப்புக் குறிகளை முதலில் பயன்படுத்துங்கள். அந்தக் குறிகள் உள்ள புள்ளிகளில் சில நொடிக்கு 1,000 கி.மீ. என்றுகூடக் காட்டும், இரைச்சலில் கணினி பொருத்திப் பார்த்த கற்பனைக் கோடுகள் அவை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஹெச்-ஆல்ஃபாவின் அலைநீளம் காற்றில் 6562.8 ஆங்ஸ்ட்ராம், வெற்றிடத்தில் 6564.6. மங்கா வெற்றிட அளவைப் பயன்படுத்துகிறது. மாற்றிப் போட்டால் எல்லா வேகமும் 80 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும். சுழற்சிக்கு இது பெரிதாகக் கேடில்லை, இரு பக்கமும் ஒன்றாகவே தள்ளுவதால். ஆனால் வேறு அட்டவணையோடு பொருத்தும்போது தலைவலி.

பொருத்த வேண்டிய மாதிரி எளியது: ஒரு புள்ளியின் வேகம் என்பது கேலக்ஸியின் மொத்த வேகத்துடன் (அது முழுவதுமாக நம்மை விட்டு விலகும் வேகத்துடன்), சுழல்வேகம், சாய்வின் சைன், நீண்ட அச்சிலிருந்து வட்டின் தளத்தில் அளந்த கோணத்தின் கொசைன் ஆகிய மூன்றின் பெருக்கலைக் கூட்டினால் வருவது. மையம், மொத்த வேகம், நீண்ட அச்சின் திசை, சாய்வு, ஒவ்வொரு ஆரத்திலும் சுழல்வேகம் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கச் சொன்னால் கணினி ஏதோ ஒரு விடையைத் தரும், அது பெரும்பாலும் தவறு. மையத்தைப் படத்திலிருந்து எடுத்து நிலைநிறுத்துங்கள். பிறகு மொத்த வேகம், பிறகு திசை. சாய்வும் வேகமும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்ளும் என்பதால் சாய்வைப் படத்திலிருந்தே எடுத்துப் பூட்டிவிடுவது நல்லது. சிறிய அச்சுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளிகளில் சுழற்சி பற்றிய செய்தி ஏறக்குறைய இல்லை. நீண்ட அச்சுக்கு இருபுறமும் 60 பாகைக்குள் உள்ளவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

வரும் பக்கத்தையும் போகும் பக்கத்தையும் தனித்தனியே பொருத்திப் பாருங்கள். இரண்டு வளைகோடுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் நேர்மையான பிழை அளவு. நிரல் அச்சிட்டுத் தரும் 1 கி.மீ., 2 கி.மீ. பிழைகளை நம்ப வேண்டாம்.

அடுத்தது மங்கல். மங்கா படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 2.5 வில்விநாடிக்குப் பரவியிருக்கும் (ஒரு பாகையில் 3,600 வில்விநாடிகள்). 100 மெகாபார்செக் தொலைவில் அது 1.2 கிலோபார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு; கிலோ என்றால் ஆயிரம், மெகா என்றால் பத்து லட்சம்). மையத்துக்கு அருகே வேகம் செங்குத்தாக ஏறும் இடத்தில் வரும் ஒளியும் போகும் ஒளியும் கலந்து, ஏற்றம் சாய்வாகவும் வேகச் சிதறல் (ஒரே இடத்தில் கலந்திருக்கும் வேகங்களின் பரவல்) அதிகமாகவும் தெரியும். ‘இந்தக் கேலக்ஸியின் மையம் கொந்தளிக்கிறது’ என்று எழுதுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். இதைச் சரிசெய்ய, வேகப் படத்துக்குப் பதில் முழு முப்பரிமாணத் தரவோடு மாதிரியை மங்கலாக்கி ஒப்பிடும் நிரல்கள் உண்டு. 2015இல் வெளியான த்ரீடி-பரோலோ அவற்றில் புழக்கத்தில் உள்ளது.

மங்காவுக்கு இன்னொரு வரம்பும் இருக்கிறது. அதன் நாரிழைக் கட்டு, கேலக்ஸியின் பாதி ஒளியை அடக்கும் ஆரத்தைப் போல ஒரு பகுதிக் கேலக்ஸிகளில் 1.5 மடங்கு வரையும், மறு பகுதியில் 2.5 மடங்கு வரையும்தான் எட்டும். பல கேலக்ஸிகளில் வளைகோடு அதற்குள் சமதளத்தை எட்டியிருக்காது. அப்படிப்பட்டவற்றுக்குப் பொருத்திய வளைகோட்டை நீட்டிச் சமதள வேகம் என்று எழுதுவதைவிட, எல்லாக் கேலக்ஸிக்கும் ஒரே மடங்கு ஆரத்தில் உள்ள வேகத்தை எடுப்பது மேல்.

வாயு குறைந்தவையும் குள்ளமானவையும்

நீள்வட்டக் கேலக்ஸிகளில் குளிர்ந்த வாயு அரிது, விண்மீன்களின் நிறமாலையைத்தான் நம்ப வேண்டும். விண்மீன்கள் வாயுவைப் போல ஒழுங்காக வட்டமிடுவதில்லை, குறுக்கும் நெடுக்குமாகவும் ஓடும். ஆகவே அதே ஈர்ப்புக்கு அவற்றின் சராசரிச் சுழற்சி வாயுவைவிடக் குறைவாகவே தெரியும். இங்கே வேகத்தை மட்டும் எழுதாமல், வேகச் சிதறலையும் சேர்த்து எழுதுங்கள். சுழற்சியா, தாறுமாறான ஓட்டமா, எது ஓங்கியிருக்கிறது என்பதே கேள்வி. அட்லஸ்-3டி ஆய்வு இப்படி 260 கேலக்ஸிகளைப் பார்த்தபோது 224 நன்றாகச் சுழல்பவை என்று தெரியவந்தது, 36 மட்டுமே மெதுவானவை. படத்தில் சலனமற்ற உருண்டைகளாகத் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை சுழல்கின்றன!

குள்ளக் கேலக்ஸிகளில் சிக்கல் வேறு. சுழல்வேகம் 20 கி.மீ., வாயுவின் தாறுமாறான வேகம் 8 முதல் 10 கி.மீ. என்றால், இரண்டாவதைத் திருத்தத்தில் சேர்க்காமல் முதலாவதற்கு அர்த்தமில்லை. அதோடு வளைகோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே வாயு முடிந்துவிடும். கோட்டின் அகலம் உண்மையான உச்ச வேகத்தைக் குறைத்தே காட்டும்.

எல்லாவற்றையும் சேர்க்கும்போது

அட்டவணை தயார் என்றால் முதல் சோதனை: ஹைட்ரஜன், விண்மீன்கள் இரண்டின் நிறையையும் கூட்டி, வேகத்துக்கு எதிராக மடக்கை அளவில் வரையுங்கள். நிறை ஏறத்தாழ வேகத்தின் நான்காம் அடுக்கில் ஏறும் ஒரு கோடு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உங்கள் கணக்கில் எங்கோ கோளாறு. கோட்டிலிருந்து விலகி நிற்பவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்: சாய்வு தவறா, பக்கத்துக் கேலக்ஸி கலந்துவிட்டதா? அரிசிபோவின் பார்வை அகலம் 3.5 வில்நிமிடம் (ஒரு வில்நிமிடம் 60 வில்விநாடி), 100 மெகாபார்செக் தொலைவில் அது 100 கிலோபார்செக். இரண்டு கேலக்ஸிகள் தாராளமாக உள்ளே வந்துவிடும். காரணம் கிடைத்தால் நீக்குங்கள். கோட்டில் இல்லை என்பதற்காக மட்டும் நீக்கிவிட்டு, ‘பாருங்கள், எவ்வளவு அழகான கோடு’ என்று சொல்வது மோசடி.

அடுத்து, யார் விடுபட்டார்கள் என்று பாருங்கள். மொத்த ஒளி ஒன்றாக இருந்தாலும் அகலமான கோடு நிறமாலையின் அதிகத் தடங்களில் (சிறு சிறு அதிர்வெண் கூறுகளில்) பரவி இரைச்சலில் மூழ்கும். அகலம் நான்கு மடங்கானால் இரைச்சல் இரண்டு மடங்கு. ஆகவே வேகமாகச் சுழல்பவை, அதிலும் ஓரப்பார்வையில் இருப்பவை, கண்டுபிடிக்கப்படாமல் போக வாய்ப்பு அதிகம். சிறியவை வேறு காரணத்தால் விடுபடும்: மங்கலானவை, அருகில் இருந்தால்தான் தெரியும். இதற்கு வழி, ஒவ்வொரு கேலக்ஸியும் எவ்வளவு பெரிய கன அளவுக்குள் இருந்தால் நம் ஆய்வில் தெரிந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்தக் கன அளவின் தலைகீழை எடையாகக் கொடுப்பது. அந்த எடையோடு எண்ணினால்தான் எந்த வேகத்தில் எத்தனை கேலக்ஸிகள் என்ற கணக்கு நியாயமாக வரும். எடையில்லாத படத்தில் நடுத்தர வேகக்காரர்களே கூட்டமாகத் தெரிவார்கள். எடை கொடுத்ததும் குள்ளமானவை எண்ணிக்கையில் முந்திவிடும்.

ஆரமும் கையில் இருந்தால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். வாயு வட்டின் ஓரத்தில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம்? ஓரம் 30 கிலோபார்செக்கில், வேகம் 200 கி.மீ. என்றால் சுமார் 92 கோடி ஆண்டுகள். பெரியது, சிறியது எதுவானாலும் வட்டு கேலக்ஸிகள் ஓரத்தில் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகின்றன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் அட்டவணையில் 10 கோடி என்றோ 1,000 கோடி என்றோ வந்தால் அலகுகளைச் சரிபாருங்கள்.

கடைசியாக, அளக்க முடியாதவற்றுக்கு அட்டவணையில் பூஜ்யம் போடாதீர்கள். பூஜ்யம் என்றால் சுழலவில்லை என்று அர்த்தம். வெற்றிடமாக விடுங்கள், பக்கத்தில் ஒரு குறியீட்டு நெடுவரிசை வைத்துக் காரணத்தை எழுதுங்கள்: சாய்வு குறைவு, கோடு கிடைக்கவில்லை, பக்கத்துக் கேலக்ஸி கலந்தது, வளைகோடு சமதளத்தை எட்டவில்லை. கோடு கிடைக்காதவற்றுக்கு இரைச்சலிலிருந்து வாயு நிறையின் மேல்வரம்பைக் கணக்கிட்டு அதையும் சேர்த்துவிட்டால், உங்கள் அட்டவணையை எடுப்பவர் அந்தக் கேலக்ஸிகளை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்காது.